பிறைப் படம்: கேமரா பார்த்ததும் கணினி சேர்த்ததும்



ஷஅபான் 29, ரமலான் 29 ஆகிய இரு மாலைகளிலும் மஃரிப் தொழுகை முடிந்த சில நிமிடங்களில் நம் செல்போன்களில் பிறைப் படங்கள் வந்து குவியத் தொடங்கிவிடும். "இப்போது எடுத்தது", "எங்கள் மாடியிலிருந்து எடுத்தது" என்ற குறிப்போடு வரும் படங்களில் சில அன்றைய பிறை, சில போன வருடத்துப் பிறை, சில எந்த வானத்திலும் இல்லாத பிறை. தராவீஹ் தொழுவதா, ஸஹருக்கு எழுவதா, நாளை பெருநாளா என்று வீட்டில் எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில் இப்படி ஒரு படம் வந்தால் ஒரே தெருவில் இரண்டு பேச்சு கிளம்புகிறது. தலைமை காஜி அவர்களின் அறிவிப்பு வருவதற்குள் அந்தப் படம் நூறு பேர் கைக்குப் போய்விடுகிறது.

கண்ணால் கண்டது, கருவியால் கண்டது, கணக்கால் அறிந்தது ஆகியவற்றில் எது மாதத்தைத் தொடங்கப் போதுமானது என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதில் நுழைவது இக்கட்டுரையின் வேலை இல்லை. வானத்தைப் படமெடுக்கும் கலையில் கணினி மென்பொருள் என்ன செய்கிறது, எது வரை அது நேர்மையான வேலை, எங்கே அது கற்பனையாக மாறுகிறது என்பதை மட்டும் இங்கே விளக்குகிறோம். நம் மஹல்லாவில் வானப் புகைப்படத்தில் ஆர்வம் காட்டும் மாணவ மாணவியருக்கும் இது ஒரு தொடக்கமாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

தலைப்பிறை ஏன் படத்தில் சிக்குவதில்லை?

நிலா ஒரு மணி நேரத்தில் சூரியனை விட்டு ஏறத்தாழ அரை பாகை விலகுகிறது. நிலாவின் அகலமும் வானத்தில் அரை பாகைதான். ஆகவே அமாவாசைக் கணத்திலிருந்து 15 மணி நேரம் கழிந்த பிறை சூரியனிலிருந்து சுமார் ஏழு, எட்டு பாகை தூரத்தில்தான் இருக்கும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்திற்குள் அதுவும் மறைந்துவிடும். அந்த அரை மணி நேரத்திலும் வானம் முழுதாக இருட்டுவதில்லை.

1930களில் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன், நிலாவும் சூரியனும் ஏறத்தாழ 7 பாகைக்குள் நெருங்கி இருந்தால் பிறை கண்ணுக்குத் தென்படாது என்று கணித்தார். வெறும் கண்ணால் கண்ட மிக இளம் பிறையாகப் பரவலாக ஏற்கப்படுவது, 1990 மே மாதம் அமெரிக்காவின் ஸ்டீபன் ஜேம்ஸ் ஓமீரா கண்ட 15 மணி 32 நிமிடப் பிறை. 2002 செப்டம்பரில் ஈரானின் முஹ்சின் மீர்சயீத் பெரிய பைனாகுலர் மூலம் 11 மணி 40 நிமிடப் பிறையைக் கண்டார். இவர்கள் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள். பார்த்த இடங்களும் காற்று தெளிவாக உள்ள உயரமான இடங்கள்.

நம் நாவலூரின் நிலை வேறு. பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போனாலும் கடல் இருப்பது கிழக்கே. பிறை தோன்றுவது மேற்கே. மேற்கில் அடுக்குமாடிகள், கட்டுமானத் தூசு, ஓ.எம்.ஆர். சாலையின் வெளிச்சம், அடிவானத்தை ஒட்டிய ஈரப்பதப் புகை. இத்தனையையும் கடந்து வரும் பிறையின் ஒளி மிகச் சொற்பம். அதைக் கேமரா வாங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரைச்சலுக்குள் ஒரு குரல்

கேமராவின் உள்ளே இருக்கும் சென்சாரில் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியை எண்ணிக்கையாக மாற்றுகிறது. வெளிச்சம் நிறைய இருந்தால் எண்ணிக்கை சரியாக வரும். குறைவாக இருந்தால் உண்மையான ஒளியோடு தற்செயலான ஏற்ற இறக்கங்களும் கலந்துவிடும். இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவியது போல் தெரிவது இதுதான். இதை 'நாய்ஸ்', அதாவது இரைச்சல் என்பார்கள்.

நிக்காஹ் மண்டபத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தூரத்திலிருந்து உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அழைத்தால் காதில் விழாது. அதே பெயரை அவர் திரும்பத் திரும்ப அழைத்தால், சுற்றியுள்ள சத்தம் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் பெயர் மட்டும் மாறாமல் வரும். கடைசியில் காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

வானப் படத்தில் மென்பொருள் செய்யும் முதல் வேலை இதுவே. ஒரே பொருளை நூற்றுக்கணக்கான முறை படமெடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி, சராசரி எடுக்கிறது. இதை 'ஸ்டாக்கிங்' என்று அழைக்கிறார்கள்; தமிழில் அடுக்குதல் எனலாம். எத்தனை படங்களை அடுக்குகிறோமோ அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இரைச்சல் குறையும். 100 படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். 400 படங்களை அடுக்கினால் இருபதில் ஒரு பங்காகும்.

இன்றைய செல்போன்களின் இரவு முறையும் இதைத்தான் செய்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு "அசையாமல் பிடியுங்கள்" என்று போன் கேட்கும் அந்த இரண்டு, மூன்று வினாடிகளில் பல படங்கள் எடுக்கப்பட்டு ஒன்றாக்கப்படுகின்றன. ஆகவே "மென்பொருள் பட்ட படம் எல்லாம் பொய்" என்று ஒதுக்குவது சரியாகாது. மென்பொருள் படாத படம் இன்று செல்போனில் கிடையாது.

வேலை நடக்கும் வரிசை

நிலா, வியாழன், சனி போன்ற பிரகாசமான பொருட்களுக்கு வீடியோ எடுப்பதே வழக்கம். வினாடிக்கு 30 படம் வீதம் இரண்டு நிமிட வீடியோவில் 3,600 படங்கள் கிடைக்கும். காற்று அலைபாய்வதால் அவற்றில் பெரும்பாலானவை மங்கலாக இருக்கும். காற்று நின்ற கணங்களில் பதிந்த சில மட்டும் கூர்மையாக இருக்கும். நல்ல 10 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் 360 படங்கள். அவற்றை அடுக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 19 மடங்கு குறையும்.

இதற்கான மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'பிப்' என்பது வீடியோவைப் படங்களாகப் பிரித்து, நிலாவை நடுவில் நிறுத்தித் தரும். நெதர்லாந்தைச் சேர்ந்த எமில் கிராய்காம்ப் உருவாக்கிய 'ஆட்டோஸ்டாக்கர்ட்' நல்ல படங்களைத் தரம் பிரித்து அடுக்கும். அதே நாட்டின் கோர் பெரெவூட்ஸ் உருவாக்கிய 'ரெஜிஸ்டாக்ஸ்' அடுக்கிய படத்தின் நுண் விவரங்களைக் கூர்மையாக்கும். நட்சத்திரக் கூட்டங்கள், மங்கலான பால்வெளிகளுக்கு 'டீப்ஸ்கைஸ்டாக்கர்', 'சிரில்' ஆகியவை உள்ளன. கடைசியாக வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்ய 'ஜிம்ப்' போதும். இவற்றில் சிரிலும் ஜிம்பும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கட்டணம் செலுத்தி வாங்கும் 'பிக்ஸ்இன்சைட்' போன்றவை அனுபவம் வந்த பிறகு யோசிக்க வேண்டியவை.

நேர்மையான வேலைக்கு இன்னும் இரண்டு வகைப் படங்கள் தேவைப்படும். ஒன்று, லென்ஸை மூடிக்கொண்டு அதே நேர அளவில் எடுக்கும் 'டார்க்' படம். வெளிச்சமே இல்லாதபோதும் சென்சார் தானாக எதைக் காட்டுகிறது என்பதை இது சொல்லிவிடும். மென்பொருள் அதைக் கழித்துவிடும். இரண்டு, வெள்ளை வேட்டித் துணியை லென்ஸின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளிச்சமான வானத்தை நோக்கி எடுக்கும் 'ஃபிளாட்' படம். லென்ஸில் படிந்த தூசும், ஓரங்கள் இருண்டு போவதும் இதில் பதியும்; மென்பொருள் அதைக் கொண்டு ஈடுசெய்யும். கடைக்காரர் வெறும் தட்டின் எடையைக் கழித்துவிட்டுப் பொருளை நிறுப்பது போன்ற வேலை இது.

நடுப்பகலில் ஒரு பிறை

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிறையே சான்று. 2013 ஜூலை 8 அன்று பிரான்ஸ் நாட்டு வானப் புகைப்படக்காரர் தியெரி லெகோ, பாரிஸ் புறநகரான எலான்கூரிலிருந்து அமாவாசைக் கணத்திலேயே பிறையைப் படமெடுத்தார். உலக நேரம் 7:14. நம் நேரப்படி பகல் 12:44. அப்போது நிலா சூரியனிலிருந்து 4.4 பாகை தூரத்தில் மட்டுமே இருந்தது. பிறையின் வயது பூஜ்யம்! ஜெர்மனியின் மார்ட்டின் எல்சாசரும் 2008-இல் இதுபோன்ற படத்தை எடுத்திருந்தார். அபூதாபியின் அல்கதம் வானோக்கு நிலையம் இன்று பல மாதங்களில் பகல் நேரப் பிறைப் படங்களை வெளியிட்டு வருகிறது.

பிறையைவிடப் பல நூறு மடங்கு வெளிச்சமான வானத்தில் இது எப்படி முடிந்தது? நீல வானம் அகச்சிவப்பு ஒளியில் சற்று இருண்டு தெரியும் என்பதால் அகச்சிவப்பு வடிகட்டி பொருத்தினார்கள். சூரிய ஒளி நேராகத் தொலைநோக்கிக்குள் விழாதபடி முன்னால் மறைப்பு வைத்தார்கள். எங்கே நிலா இருக்கும் என்று கணக்கிட்டு அங்கே குழாயைத் திருப்பி, ஏராளமான படங்களை எடுத்து அடுக்கினார்கள். ஃபிளாட் படங்களால் தூசுத் தடங்களை நீக்கினார்கள். பிறகு, வானத்துக்கும் பிறைக்கும் இடையே இருந்த மிகச் சிறு வெளிச்ச வேறுபாட்டை மென்பொருளால் பெரிதாக்கினார்கள். ஒரு மெல்லிய கோடு வெளிப்பட்டது.

அந்தப் படம் உண்மையானது. அங்கே நிலா இருந்தது. அதிலிருந்து வந்த ஒளியே கோடாகப் பதிந்தது. ஆனால் அந்த இடத்தில் எந்த மனிதக் கண்ணும் அந்தக் கணத்தில் அதைக் கண்டிருக்க முடியாது. இவ்விரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். "படம் இருக்கிறது, ஆகவே கண்ணுக்கும் தெரிந்திருக்கும்" என்பதும் தவறு. "கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே படம் பொய்" என்பதும் தவறு. இத்தகைய படத்தை மார்க்கத்தில் எப்படி எடுத்துக்கொள்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. அவர்களிடம் கொண்டுபோகும்போது இது எவ்வகைப் படம் என்று சரியாகச் சொல்வது நம் பொறுப்பு.

பெற்றோர் கவனத்திற்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பகல் பிறை வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. சூரியன் வானத்தில் இருக்கும்போது பைனாகுலரையோ தொலைநோக்கியையோ அந்தப் பக்கம் திருப்பினால், ஒரு கணத்தில் கண்ணின் விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும். வலி கூடத் தெரியாது. பிறை தேடும் பிள்ளைகள் சூரியன் முழுவதுமாக மறைந்த பிறகுதான் பைனாகுலரை எடுக்க வேண்டும்.

இல்லாததைச் சேர்க்கும் மென்பொருள்

2023 மார்ச்சில் ஒரு சோதனை உலகெங்கும் பேசப்பட்டது. இணையப் பயனர் ஒருவர் நிலாவின் படத்தை 170 புள்ளிக்கு 170 புள்ளி என்று சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்தார். அறையை இருட்டாக்கி, தூரத்திலிருந்து சாம்சங் போனில் அந்தத் திரையைப் படமெடுத்தார். போனில் பதிந்த நிலாவில், திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் தெளிவாகத் தெரிந்தன! காட்சியை மேம்படுத்தும் வசதி இயங்கும்போது போன் நிலாவை அடையாளம் கண்டு, பல படங்களை ஒன்றாக்கி, செயற்கை நுண்ணறிவால் விவரங்களைக் கூட்டுகிறது என்றும், வேண்டாதவர்கள் அதை நிறுத்திவைக்கலாம் என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது.

அடுக்குதலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே இந்தக் கட்டுரையின் மையம். அடுக்குதலில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அன்று அந்த வானத்திலிருந்து வந்த ஒளியே ஆதாரம். செயற்கை நுண்ணறிவு சேர்த்த விவரத்துக்கோ, முன்பு எப்போதோ பார்த்துப் பழகிய வேறு நிலாப் படங்களே ஆதாரம். கண்ணிலிருந்து ஒளி வெளியே போவதால் நாம் காண்கிறோம் என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணில் விழுவதாலேயே காண்கிறோம் என்று சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவினார். அந்த அளவுகோலே இன்றைய படத்துக்கும் பொருந்துகிறது. பொருளிலிருந்து வந்த ஒளியா, வேறெங்கிருந்தோ வந்த நினைவா என்று கேட்டால் போதும்.

செயற்கை நுண்ணறிவு இல்லாமலும் தவறு நேரலாம். கூர்மையாக்கும் வசதியை அளவுக்கு மீறி இழுத்தால் இரைச்சலே கோடாக மாறும்; பிரகாசமான விளிம்பைச் சுற்றி இன்னொரு பொய் விளிம்பு தோன்றும். மங்கலான மேகக் கீற்றை இழுத்து இழுத்துப் பிறை போல ஆக்கிவிடவும் முடியும். சமையலில் உப்பு போலத்தான் இதுவும்.

கையில் ஒரு பிறைப் படம் வந்தால்

சில எளிய சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

1. தலைப்பிறை மேற்கே, சூரியன் மறைந்த பக்கத்தில், அடிவானத்துக்கு அருகில்தான் இருக்கும். கிழக்கே அதிகாலையில் தெரிவது தேய்பிறை. நடுவானில் உயரமாக நிற்கும் பிறை முதல் நாள் பிறை ஆகாது.

2. பிறையின் ஒளிரும் முதுகு எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்த்திருக்கும். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், இங்கே இளம்பிறை பெரும்பாலும் படகு போலக் கிடந்தோ சற்றுச் சாய்ந்தோ தெரியும். கொம்புகள் சூரியன் மறைந்த பக்கம் நீண்டிருந்தால் அந்தப் படம் தவறானது.

3. பிறையின் இரு கொம்புகளுக்கு இடையே, நிலாவின் இருண்ட வட்டத்துக்குள் நட்சத்திரம் தெரிந்தால் அது வரைந்த படம். அந்த இடத்தில் நிலாவின் உடல் இருக்கிறது; அதற்குப் பின்னாலுள்ள நட்சத்திரம் தெரிய வழியில்லை.

4. மிக இளம் பிறை அரைவட்டம் முழுவதும் நீளாது. கொம்புகளின் நுனிகள் மறைந்து, குட்டையான நகக் கீற்றாகவே தெரியும். முழு அரைவட்ட வில்லாகத் தடித்து ஒளிரும் பிறை ஒரு நாளாவது மூத்தது. அல்லது கேமராவில் வெளிச்சம் கூடிப் பருத்தது.

5. 'ஸ்டெல்லேரியம்' என்ற இலவச மென்பொருளில் ஊர், நாள், நேரம் கொடுத்தால் அப்போது நிலா வானத்தில் எங்கே இருந்தது என்று காட்டும். நிலா மறைந்த பிறகு எடுத்ததாகச் சொல்லப்படும் படத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

6. படத்தின் மூலக் கோப்பில் எடுத்த நேரமும் கேமரா விவரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும்; படமும் சுருங்கிவிடும். எடுத்தவரிடமே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த விவரத்தையும் மாற்ற முடியும் என்பதால், எடுத்தவர் யார், எங்கே நின்றார், கூட யார் இருந்தார்கள் என்று கேட்பது அவசியம்.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு

வானத்தைக் கூர்ந்து பார்த்துக் குறிப்பெழுதுவது நம் முன்னோரின் பழக்கம். 964-ஆம் ஆண்டு அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் நட்சத்திர நூலில் 'சிறு மேகம்' என்று குறித்தது, இன்று ஆந்த்ரோமெடா என்று அழைக்கப்படும் பால்வெளியாகும். நம் தமிழகத்திலும் 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த சூரியப் படத் தகடுகள் கணினிப் படங்களாக மாற்றப்பட்டு இன்றைய ஆய்வுகளுக்குப் பயன்படுகின்றன. ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானோக்கு நிலையத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. படத்தைச் செம்மையாக்கும் இந்தக் கலையைக் கற்றவர்களுக்கு மருத்துவ ஸ்கேன், செயற்கைக்கோள் படம் ஆகிய துறைகளிலும் அதே அடிப்படைகள் கைகொடுக்கும்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஓ.எம்.ஆர். வெளிச்சத்தில் பால்வெளிகளைப் பிடிப்பது கடினம். நிலாவுக்கும் வியாழனுக்கும் அந்த வெளிச்சம் தடையில்லை. பிறை 8 முதல் 10 வரை உள்ள நாட்களில் நிலாவின் பள்ளங்கள் நிழலோடு அழகாகத் தெரியும். செல்போனை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, பைனாகுலர் அல்லது சிறு தொலைநோக்கியின் கண்பகுதியில் சேர்த்து வைத்து, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் கையால் பூட்டி, நிலாவின் விவரம் வெளுத்துப்போகாத அளவில் இரண்டு நிமிட வீடியோ எடுக்க வேண்டும். காட்சியை மேம்படுத்தும் வசதியை நிறுத்திவைக்க வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து கருவியை நேராக மாடிக்குக் கொண்டுபோனால் நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுவது நல்லது. பிறகு பிப், ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ், ஜிம்ப் என்ற வரிசையில் வேலை செய்து, தனி ஒரு படத்தையும் அடுக்கிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தானாக விளங்கும்.

ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் நாள், நேரம், இடம், கருவி, எத்தனை படங்கள் அடுக்கப்பட்டன, எந்த மென்பொருளில் என்னென்ன செய்யப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். மூல வீடியோவை அழிக்கக் கூடாது. சந்தேகப்பட்டு ஒருவர் கேட்டால் மூலத்திலிருந்து மறுபடி செய்து காட்ட முடிய வேண்டும். அப்படிக் காட்ட முடிந்த படமே சான்றாகப் பேசும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது அமானிதம். அதில் கணினிக்கும் விலக்கு இல்லை.

வரும் பிறை மாலைகளில் நம் குடும்பங்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. யாரோ அனுப்பிய படத்தை, எடுத்தவர் யார் என்று தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே பிறையைக் கண்டால் படத்தைவிட உங்கள் கண் சாட்சியம் பெரிது. கண்ட நேரம், திசை, உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களோடு உடனே ஜமாஅத் நிர்வாகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். படமும் எடுத்திருந்தால் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ, எழுத்துச் சேர்க்கவோ வேண்டாம். மற்றதைப் பொறுப்பில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்